யார் கரைக்கிறார், எந்தப் பாத்திரத்தில்? பயிற்சி எழுதும் முன் செய்ய வேண்டிய பணிப் பகுப்பாய்வு

வயிற்றுப்போக்கு பற்றி அங்கன்வாடி பணியாளர்களுக்கும் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும் நடத்தும் பயிற்சிகளின் கையேட்டில் இப்படி ஒரு வரியை அடிக்கடி பார்க்கலாம்: "பயிற்சியின் முடிவில் பங்கேற்பாளர்கள் ஓ.ஆர்.எஸ். கரைசலின் முக்கியத்துவத்தைப் புரிந்துகொள்வார்கள்." புரிந்துகொண்டார் என்பதை எதைப் பார்த்துச் சொல்வது? பவர்பாயிண்ட் ஓடி முடியும், எல்லோரும் தலையாட்டுவார்கள், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து விழும். அடுத்த வாரமே ஒரு தாய் 1 லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டிய ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கிக் குழந்தைக்குக் கொடுப்பார்.

இது சின்னப் பிழை இல்லை. உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 2002 முதல் பரிந்துரைக்கும் கலவையில் 1 லிட்டருக்கு 20.5 கிராம் பொடி: சோடியம் குளோரைடு 2.6, குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். அதை 200 மி.லி. தண்ணீரில் கரைத்தால் செறிவு ஐந்து மடங்காகிறது. உடம்பிலுள்ள நீரை அது குடலுக்குள் இழுக்கும்; பேதி கூடும், ரத்தத்தில் சோடியமும் ஏறும். மருந்தாகக் கொடுத்ததே குழந்தையை மோசமாக்கிவிடும்.

ஆகவே பயிற்சியை எழுத உட்காரும்போது "பயிற்சியின் முடிவில் இதைச் செய்வார்கள்" என்ற நோக்கத்திலிருந்து தொடங்கக் கூடாது. வேலையிலிருந்து தொடங்க வேண்டும். அந்த வேலையை யார், எந்தெந்தப் படியாகச் செய்கிறார் என்று பிரித்துப் பார்ப்பதுதான் பணிப் பகுப்பாய்வு. முதல் கேள்வி: இது யாருடைய வேலை? பயிற்சிக்கு வருவது பணியாளர். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அடுப்படியில் நின்று கரைப்பது தாய், அல்லது பாட்டி. அப்படியானால் பணியாளரின் வேலை கரைப்பது மட்டுமல்ல. இன்னொருவர் சரியாகக் கரைக்கும்படி செய்துகாட்டி, அவரையும் செய்ய வைத்து, பார்த்துத் திருத்துவது. இரண்டும் வேறு வேறு பணிகள், பகுப்பாய்வும் தனித்தனி. இந்த இடத்தைத் தவறவிட்ட கையேடு எவ்வளவு அழகாக அச்சிட்டிருந்தாலும் பயன் குறைவு.

அடுத்து, படிகளைச் சேகரிப்பது. அனுபவமுள்ள செவிலியரிடம் கேட்டால், "ஒரு பாக்கெட், ஒரு லிட்டர் தண்ணி, நல்லா கலக்கணும், அவ்வளவுதான்" என்பார். அவர் மறைக்கவில்லை. பல வருடப் பழக்கத்தில் கை தானாகவே சரியான பாத்திரத்தை எடுக்கிறது; எடுத்ததை மனம் ஒரு படியாக எண்ணுவதில்லை. அதனால் அவரைச் சொல்லச் சொல்லாமல் செய்யச் சொல்லுங்கள். நடுவில் நிறுத்திக் கேளுங்கள்: "இந்தப் பாத்திரத்தை ஏன் எடுத்தீங்க? பாக்கெட்டில் எதைப் பார்த்தீங்க?" பிறகு நான்கைந்து வீடுகளில் தாய்மார் கரைப்பதைக் குறுக்கிடாமல் பாருங்கள். கொடுப்பதற்கு முன் மட்டும் தப்பைத் திருத்திவிடுங்கள்.

இப்படிப் பார்த்தால் "ஒரு லிட்டரில் கரை" என்ற ஒற்றை வரி விரிந்துவிடும். சோப்பு போட்டுக் கை கழுவுதல், பாத்திரம் கழுவுதல், பாக்கெட் காலாவதியாகவில்லை, பொடி கட்டிதட்டவில்லை என்று பார்த்தல், எவ்வளவு தண்ணீர் என்று அதில் வாசித்தல், கொதித்து ஆறிய தண்ணீரை அளத்தல், பொடி முழுவதையும் கொட்டுதல், தெளியும்வரை கலக்குதல், மூடிவைத்தல், கரைத்த நேரத்தைக் குறித்துக்கொண்டு 24 மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டுதல்.

எதுவரை உடைப்பது? 1967-இல் பணிப் பகுப்பாய்வு பற்றி எழுதிய உளவியலாளர்கள் அனெட், டங்கன் இருவரும் சொன்ன வழி இன்றும் கைகொடுக்கிறது: அந்தப் படியில் பிழை நேரும் வாய்ப்பையும், நேர்ந்தால் உண்டாகும் கேட்டையும் பெருக்கிப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து பொறுத்துக்கொள்ளும் அளவில் இருந்தால் அங்கேயே நிறுத்தலாம். கலக்குவதை மேலும் உடைக்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் கரண்டி பிடிக்கத் தெரியும். தண்ணீரை அளப்பதை உடைத்தே ஆக வேண்டும். சொம்பு வீட்டுக்கு வீடு ஒரு அளவு. "ஐந்து டம்ளர்" என்பதும் டம்ளரைப் பொறுத்தது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்தான் பெரும்பாலான வீடுகளில் கிடைக்கும் நம்பகமான அளவு.

அதைவிட ஆபத்தானவை முடிவெடுக்கும் படிகள். கடையில் 1 லிட்டர் பாக்கெட்டும் உண்டு, 200 மி.லி.க்கான சின்ன பாக்கெட்டும் உண்டு. "ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர்" என்று மனப்பாடம் செய்த பணியாளர் சின்ன பாக்கெட்டையும் ஒரு லிட்டரில் கரைக்கச் சொல்வார். உப்புச் சத்து ஐந்தில் ஒரு பங்குதான் குழந்தைக்குப் போகும். மனப்பாடம் ஆக வேண்டியது எண் அல்ல, "பாக்கெட்டை வாசி" என்ற பழக்கம். இன்னொன்று, "சின்னக் குழந்தைதானே, பாதிப் பொடி போதும்" என்ற கணக்கு. கலந்த பொடியைக் கண்ணளவில் பிரித்தால் பாதியில் எந்த உப்பு எவ்வளவு வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்றாவது, கடைக்காரர் நீட்டும் இனிப்புப் பானம். உரிய கலவை இல்லாத பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற சொல் இருக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. ஆனாலும் எதை வாங்குவது என்பது தாய்க்குத் தனியாகக் காட்டிப் பழக்க வேண்டிய படிதான்.

இப்போது நோக்கத்தை எழுதலாம். பயிற்சி நோக்கங்களை எழுதுவது பற்றி அமெரிக்க வல்லுநர் ராபர்ட் மேகர் 1962-இல் வகுத்த மூன்று பகுதிகள் போதும்: என்ன நிலையில், என்ன செய்வார், எவ்வளவு சரியாக. நமக்கு அது இப்படி வரும்: "இரண்டு அளவு பாக்கெட்டுகளில் ஒன்று, அளவு குறிக்காத மூன்று வீட்டுப் பாத்திரங்கள், ஒரு லிட்டர் பாட்டில் ஆகியவற்றைத் தரும்போது, யாரிடமும் கேட்காமல், பாக்கெட்டில் உள்ள அளவிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் விலகாமல் தண்ணீர் எடுத்து முழுப் பொடியையும் கரைப்பார்." இரண்டாவது: "தாயாக நடிப்பவருக்குச் செய்துகாட்டிய பின், அவரையே கரைக்க வைத்து, அவர் வேண்டுமென்றே செய்யும் இரண்டு பிழைகளையும் கண்டு திருத்துவார்." இந்த இரண்டையும் எழுதியவுடன் தேர்வும் தயாராகிவிடுகிறது. "ஓ.ஆர்.எஸ். என்றால் என்ன?" என்ற வினாத்தாள் இந்தத் திறமையை அளக்காது.

நோக்கம் எழுதுவதற்கென்றே உள்ள வினைச்சொல் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு "விளக்குவார், பட்டியலிடுவார், பகுத்தாய்வார்" என்று எடுத்து ஒட்டும் பழக்கம் பரவலாக இருக்கிறது. கரைக்க வேண்டியவரை விளக்க வைத்துத் தேர்ச்சி கொடுப்பது அதனால்தான் நடக்கிறது. அரை நாள் பயிற்சிக்குப் பன்னிரண்டு நோக்கங்கள் எழுதுவதும் அதே குறைதான். மூன்று, மிஞ்சினால் நான்கு.

மதிப்பெண் கொடுப்பதிலும் கவனம் தேவை. பத்துப் படியில் எட்டு சரி, 80 சதவீதம், தேர்ச்சி என்று போடாதீர்கள். அந்த விட்டுப்போன இரண்டில் தண்ணீர் அளவு இருந்தால்? வாசித்தல், அளத்தல், முழுப் பொடி ஆகிய மூன்றில் எது தவறினாலும் மறுபடி செய்ய வேண்டும்; மற்றவற்றில் திருத்தம் சொன்னால் போதும்.

பேதிக்கு ஓ.ஆர்.எஸ்.ஸோடு சேர்த்துக் கொடுக்கும் துத்தநாக மாத்திரையின் சிக்கல் வேறு வகை. 14 நாள் கொடுக்க வேண்டியதை, பேதி நின்ற மூன்றாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். இங்கே கைத்திறன் குறையவில்லை; ஏன் தொடர வேண்டும் என்பது போய்ச் சேரவில்லை. இதற்குச் செய்முறை வேண்டாம், தாயிடம் சொல்லிப் பழகும் உரையாடலும், ஏழாம் நாள் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணிப் பார்க்கும் படியும் போதும்.

கடைசியாக, பயிற்சி அறைக்கு என்னென்ன வேண்டும் என்பதும் பகுப்பாய்விலிருந்தே வரும். 30 பேர் ஆளுக்கு இரண்டு அளவிலும் ஒருமுறை கரைக்க 1 லிட்டர் பாக்கெட் 30, 200 மி.லி. பாக்கெட் 30, கரைக்க மட்டும் 36 லிட்டர் தண்ணீர், மூன்று பேருக்கு ஒரு பாட்டிலாகப் பத்து, அளவு வெவ்வேறான சொம்பும் டம்ளரும், திருத்தும்போது சரிபார்க்க அளவுக் குவளை இரண்டு. கை கழுவத் தண்ணீர் தனி. புரொஜெக்டருக்குச் சொல்லும் முன் இவற்றுக்குச் சொல்லிவிடுங்கள்.