சுத்தியலை எடுக்கும் முன் பிளம்பர் கேள்வி கேட்கிறாரா?

இந்த மாதத்தில் இது மூன்றாவது வீடு. படுக்கையறைச் சுவரில் ஓதம், அந்தப் பக்கம் குளியலறை. எனக்கு முன்னால் போன பிளம்பர் வந்த வேகத்தில் சுவரை இரண்டு இடத்தில் உடைத்து, நன்றாக இருந்த பைப்பை வெட்டி மாற்றி, அன்று மாலையே டைல்ஸ் ஒட்டி மூடிவிட்டார். பத்தே நாளில் ஓதம் திரும்பிவிட்டது.

நான் எல்லாக் குழாய்களையும் மூடச் சொல்லிவிட்டுத் தண்ணீர் மீட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் முள் அசையவே இல்லை. அப்படியென்றால் தண்ணீர் வரும் பைப்பில் கசிவு இல்லை. அப்புறம் குளியலறைத் தரையைத் தடவிப் பார்த்தேன். தரைத் தண்ணீர் வடியும் வாயான ஃப்ளோர் ட்ராப்பைச் சுற்றியிருந்த பூச்சு பெயர்ந்து, விரல் நுனி உள்ளே போனது. குளிக்கிற தண்ணீர்தான் அந்த இடுக்கில் இறங்கிக்கொண்டிருந்தது. பாவம், சுவர் என்ன செய்யும்?

வந்ததும் உடைக்கத் தொடங்குபவர்தான் கெட்டிக்காரர் என்று எப்படித்தான் நம்புகிறார்களோ! "என்னங்க, பார்த்துக்கிட்டே நிக்கிறீங்க, வேலையை ஆரம்பிக்கலையா?" என்று என்னிடமே கேட்கிறார்கள். பார்ப்பதுதான் வேலையே. ஈரம் தெரியும் இடம் ஒன்று, கசியும் இடம் வேறொன்றாக இருக்கும். ஓதம் குளித்த பிறகு மட்டும் கூடுகிறதா, நாள் முழுக்க இருக்கிறதா? குளித்த பிறகு மட்டும் என்றால் பெரும்பாலும் கழிவுநீர்ப் பக்கம்தான் கோளாறு. எப்போதும் என்றால் தண்ணீர் வரும் பைப்பைச் சந்தேகிக்கலாம். இதைக்கூடக் கேட்காத ஆளைச் சுவர்ப் பக்கமே விடாதீர்கள். பார்த்த நேரத்துக்குக் கூலி கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். ஒரு சுவரை உடைப்பதைவிட அது மலிவு.

வெந்நீர் லைனுக்குச் சூடு தாங்கும் சிபிவிசி பிளாஸ்டிக் பைப், அதை ஒட்ட அதற்கென்றே உள்ள சால்வென்ட் சிமென்ட் என்ற பசை. எல்லா பைப்புக்கும் ஒரே பசை டப்பாவைத் திறப்பவர் வேண்டாம். சுவரை மூடும் முன் ஹேண்ட் பம்ப் வைத்து பைப்புக்குள் தண்ணீரை அழுத்தி ஏற்றி பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். அழுத்தத்தைக் காட்டும் கேஜ் முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. பசை காய நேரம் கொடுங்கள். அவசரப்படுத்துவது பல வீடுகளில் வீட்டுக்காரர்தான், அதையும் சொல்லியாக வேண்டும். மூடுவதற்கு முன்னால் பைப் போகும் வழியை அளவு டேப் வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள்.

தெரிந்தவர்களிடம் விசாரிக்கும்போது "நல்லா செஞ்சாரா?" என்று கேட்டுப் பயனில்லை. நேற்று முடித்த வேலை எல்லாமே நன்றாகத்தான் தெரியும். ஒரு வருடத்துக்கு முன் செய்த வீட்டில் கேளுங்கள்: "கோளாறுன்னு திரும்பக் கூப்பிட்டப்போ வந்தாரா?"

தயவுசெய்து இன்னொன்று. நள்ளிரவில் பைப் வெடித்து, யார் கிடைக்கிறாரோ அவரை இழுத்து வரும்போதுதான் தப்பான ஆளிடம் மாட்டுகிறோம். இன்றைக்கே வீட்டுத் தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று பார்த்து, மெதுவாகத் திருகிப் பாருங்கள். இறுகிப்போயிருந்தால் பலம் கொடுக்க வேண்டாம், அதை மாற்றவே ஒரு பிளம்பரைக் கூப்பிடுங்கள். சின்ன வேலைதான். ஆள் எப்படி என்று அதிலேயே தெரிந்துவிடும்.