லேஅவுட்: பிரிவா, அமைவா?

எங்கள் ஊர் ஏலாவின் ஓரத்தில் போன மாதம் மஞ்சள் பெயிண்ட் அடித்த கற்கள் முளைத்தன. சுற்றிலும் கலர் கொடி, நடுவில் ஒரு பந்தல், 'புதிய லேஅவுட், சென்ட் கணக்கில் மனை' என்று ஒரு பலகை. சைக்கிளை நிறுத்திப் பார்த்த பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "இது ஏலால்லா மக்களே, மழ பெஞ்சா தண்ணி எங்க போவும்?"

ஏலா என்றால் கன்னியாகுமரி மாவட்டத்தில் வயல்பரப்பு. சென்ட் என்பது ஏக்கரில் நூறில் ஒரு பங்கு, 435.6 சதுர அடி. இந்த இரண்டும் இங்கே எல்லார் வாயிலும் புழங்குபவை. லேஅவுட் மட்டும் வெளியிலிருந்து வந்த சொல். அதைத் தமிழில் எப்படி எழுதுவது?

ஆங்கிலத்தில் அது 'பரப்பி வை' என்ற வினையிலிருந்து பிறந்த பெயர். எது எங்கே இருக்க வேண்டும் என்று யோசித்து வைப்பது அதன் உட்பொருள். அதனால்தான் பத்திரிகை அலுவலகத்திலும் லேஅவுட் உண்டு. அங்கே தமிழில் பக்க அமைப்பு என்கிறோம். நிலத்துக்கு வரும்போது அரசு ஆவணங்களில் அது மனைப்பிரிவு ஆகிவிடுகிறது. பக்கத்தை அமைக்கிறோம், நிலத்தைப் பிரிக்கிறோம்! இதற்கு அனுமதி தரும் துறையின் பெயர் நகர் ஊரமைப்பு இயக்ககம். டிடிசிபி என்று சுருக்கிச் சொன்னதில் 'ஊரமைப்பு' என்ற நல்ல சொல் காணாமல் போனதுதான் மிச்சம்.

நம் பக்கத்தில் இதற்குப் பழஞ்சொல் உண்டா என்று தேடினால் கிடைக்காது. நிலத்தை வரிசையாக மனை போடும் வழக்கமே இங்கு இருந்ததில்லை. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த மண் இது. பழைய பிரமாணங்களில், அதாவது பத்திரங்களில், நிலம், புரையிடம் என்று இரண்டு வகை வரும். நிலம் என்றால் நெல் விளையும் நஞ்சை. புரை என்றால் வீடு. ஓலைப்புரை என்று இன்றும் சொல்கிறோமே, அதேதான். புரையிடம் என்பது வீடும் கிணறும் தென்னையும் பலாவும் சேர்ந்த மேட்டு மனை. 'விளை' என்பதும் அப்படிப்பட்ட மேட்டுத் தோட்டம்தான். கண்டன்விளை, மாடத்தட்டுவிளை, பள்ளவிளை என்று ஊர்ப் பெயர்களிலேயே அது உட்கார்ந்திருக்கிறது. வீடு மேட்டில், நெல் பள்ளத்தில், நடுவில் கையாலை என்ற மண் எல்லைக்கட்டு. தண்ணீர் போக வேண்டிய இடத்தில் யாரும் சுவர் வைக்கவில்லை. வரிசை வீடுகள் இல்லைதான், ஆனால் அதிலும் ஓர் அமைவு இருந்தது.

அந்தக் காலத்தைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவும் முடியாது. விளை பங்கு பிரியப் பிரிய, பின்வீட்டுக்குப் போகும் வழி குறுகிய முடுக்காகச் சுருங்கியது. என் சித்திக்குப் பக்கவாதம் வந்த இரவு ஆட்டோ மெயின் ரோட்டிலேயே நின்றுவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் பக்கவாட்டில் நடந்து தூக்கி வந்தோம். மதிலில் உரசி என் முழங்கை நெடுகத் தோல் உரிந்தது. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் வேண்டும் என்கிறார்கள். எங்கள் முடுக்கில் சக்கர நாற்காலியே நுழையாது.

2011 கணக்கெடுப்பில் மாநிலத்தில் சென்னைக்கு அடுத்தபடி நெருக்கமான மாவட்டம் இது, சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல். நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் நகர்ப்புறவாசிகள் என்கிறது அதே கணக்கு. இங்கே பேரூராட்சிகள் அத்தனை, அவையும் நகர்ப்புறக் கணக்கில்தான் சேரும். தென்னந்தோப்புக்குள் நின்றுகொண்டு நாமெல்லாம் டவுன்காரர்கள்! மேடு தீர்ந்தால் ஏலாவுக்குத்தான் இறங்க வேண்டும். 2021 நவம்பர் மழையில் தண்ணீர் வீடுகளுக்குள் ஏறியதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

சட்டத்தில் மனைப்பிரிவு என்பது வெறும் துண்டு போடுவதல்ல. 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதிப் பரப்பில் 10 விழுக்காடு திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதியற்ற மனைகளின் பத்திரப் பதிவைத் தடுத்தது. 2016 அக்டோபர் 20க்குள் விற்கப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் விதிகள் வந்தன.

ஆகவே லேஅவுட்டுக்கு மனைப்பிரிவு என்றே எழுதலாம். மனையமைவு என்றால் பொருள் இன்னும் பொருந்தும், எனக்கும் ஆசைதான். ஆனால் ஊன்றிவிட்ட சொல்லைப் பிடுங்குவதில் பயனில்லை. உட்பிரிவோடு மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம், அது சர்வே எண்ணை உடைப்பது. பிளாட் என்றும் எழுத வேண்டாம். தமிழெழுத்தில் மனையும் பிளாட், அடுக்குமாடி வீடும் பிளாட்.

பந்தலில் கேட்டதும் வரைபடம் ஒன்று கொடுத்தார்கள். ரோடெல்லாம் ரோஸ் கலர், மனையெல்லாம் பச்சை. பெரியவரிடம் காட்டினேன். அவர் கோயில் எங்கே, குளம் எங்கே என்று தேடிவிட்டு, ஓடை போகும் தடத்தை நகத்தால் கீறிக்கொண்டே வந்தார். நகம் நின்ற இடத்தில் மனை எண் 27 இருந்தது.