புத்தாக்கம்: ‘இன்னோவேஷன்’ என்ற சொல்லும் அதன் தமிழும்

புத்தாக்கம் என்ற சொல் இன்று அரசாணை, கல்லூரி விழா அழைப்பிதழ், வேலைவாய்ப்பு விளம்பரம் என எங்கும் கண்ணில் படுகிறது. தமிழ்நாட்டில் தொழில் தொடங்க நினைப்பவர்களுக்குப் பயிற்சி தரும் அரசு நிறுவனத்தின் பெயரிலேயே ‘புத்தாக்கம்’ இருக்கிறது. சிங்கப்பூர்த் தமிழ்ச் செய்திகளில் இது நன்றாகப் பழகிப்போன சொல். ஆனால் பொருள் கேட்டால் சிலர் ‘புதுமை’ என்பார்கள், சிலர் ‘கண்டுபிடிப்பு’ என்பார்கள். இரண்டுக்கும் நெருங்கிய சொல்தான், ஆனால் இரண்டும் அல்ல. இந்த வேறுபாட்டைக் காப்பாற்றி வைத்துக்கொள்வது தமிழில் கலை பற்றியும் தொழில்நுட்பம் பற்றியும் எழுதுகிறவர்களுக்கு மிகவும் தேவை என்று நினைக்கிறேன்.

‘இன்னோவேஷன்’ லத்தீனில் ‘இன்னோவாரே’ என்ற வினையிலிருந்து வந்தது. ‘நோவுஸ்’ என்றால் புதியது. ‘இன்னோவாரே’ என்றால் புதிதாக்குதல், புதுப்பித்தல். இதற்கு முன்பே கிரேக்கர்களிடம் ‘கைனோதொமியா’ என்ற சொல் இருந்தது. ‘புதிதாக வெட்டுதல்’ என்பது அதன் நேர்ப்பொருள். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரின் வருவாயைப் பெருக்குவது பற்றி எழுதிய க்செனஃபோன், வெள்ளிச் சுரங்கத்தில் புது இடத்தில் தோண்டுவதற்கு இந்தச் சொல்லைக் கையாள்கிறார். வெள்ளி கிடைத்தவன் பணக்காரன் ஆவான், கிடைக்காதவன் செலவழித்ததையெல்லாம் இழப்பான், அதனால்தான் யாரும் துணிவதில்லை என்கிறார். இன்று முதலீட்டாளர்கள் பேசும் ‘ரிஸ்க்’ அன்றைக்கே இந்தச் சொல்லுக்குள் இருந்திருக்கிறது.

ஆங்கிலத்துக்கு வந்த பிறகு இந்தச் சொல் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1548-ல் இங்கிலாந்தில் ஆறாம் எட்வர்ட் மன்னர் காலத்தில் ‘இன்னோவேட்’ செய்பவர்களுக்கு எதிராக ஓர் அரசாணையே வெளிவந்தது. தேவாலய வழிபாட்டில் தன்னிச்சையாக எதையும் மாற்றக்கூடாது, மீறினால் சிறை. 1636-ல் ஹென்றி பர்ட்டன் என்ற மதகுரு, பேராயர்கள்தான் திருச்சபைக்குள் புதுப் பழக்கங்களைப் புகுத்துகிறார்கள் என்று பிரசங்கம் செய்தார். அடுத்த ஆண்டே அவருடைய காதுகளை அறுத்தார்கள். குற்றம் சாட்டியவரும் தண்டித்தவர்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: ‘இன்னோவேஷன்’ கெட்டது என்பதில். ‘இன்னோவேட்டர்’ என்பது அப்போது வசவு. அது பாராட்டாக மாற நெடுங்காலம் பிடித்தது.

இன்றைய பொருளை இந்தச் சொல்லில் அழுத்தமாகப் பதித்தவர்களில் முதன்மையானவர் யோசெப் ஷும்பேட்டர் என்ற பொருளியலாளர். 1911-ல் ஜெர்மன் மொழியில் வெளிவந்த நூலில் ‘புதிய சேர்க்கைகள்’ என்று ஒன்றைப் பற்றிப் பேசினார். புதிய பொருள், புதிய உற்பத்தி முறை, புதிய சந்தை, மூலப்பொருளுக்குப் புதிய வழி, தொழிலுக்குப் புதிய அமைப்பு என அவர் ஐந்தைச் சொன்னார். இதில் எங்கும் ‘இதுவரை யாரும் அறியாத ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும்’ என்ற நிபந்தனை இல்லை. கைக்கு எட்டும் பொருள்களையே வேறு விதமாகச் சேர்த்து, அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தால் போதும். ‘நடைமுறைக்குக் கொண்டுவருதல்’ என்ற பகுதிதான் இதில் முக்கியம்.

நம் வீட்டு வெட் கிரைண்டரைப் பார்த்தால் இது விளங்கும். கல் பழையது. மின்மோட்டாரும் 1950களில் புதிதல்ல. கோவையிலேயே 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து மோட்டார் செய்துவிட்டார்கள். வார்ப்படப் பட்டறைகளும் கடைசல் வேலை தெரிந்தவர்களும் அந்த ஊரில் இருந்தார்கள். 1955-ல் கோவையைச் சேர்ந்த பி. சபாபதி கல்லையும் மோட்டாரையும் ஒன்றாகச் சேர்த்தார்.

மோட்டாரைக் கொண்டுவந்து குழவியில் மாட்டிவிட்டால் ஆயிற்று என்று தோன்றும். அப்படியில்லை. ஆட்டுக்கல்லில் கல் அசையாது, குழவிதான் சுற்றும். ஆட்டுகிறவர் ஒரு கையால் குழவியைச் சுற்றிக்கொண்டே மறு கையால் மாவைக் குழிக்குள் தள்ளிவிடுவார். கிரைண்டர் இதைத் தலைகீழாக்கியது. கல் சுற்றுகிறது, குழவி இருந்த இடத்திலேயே பிடித்து நிறுத்தப்பட்டு, உராய்வில் தானாக உருள்கிறது. ஓரத்தில் ஏறும் மாவை வழித்துவிட, மறு கைக்குப் பதிலாக ஒரு தகடு வந்தது. மிக்ஸியின் வேகத்தில் மாவு சூடாகிவிடும். கல் மெதுவாகச் சுற்றுவதால் உளுந்து சூடேறாமல், காற்றை உள்வாங்கிப் பொங்கப் பொங்க அரைபடும். அப்புறம் சாய்த்து மாவெடுக்கும் வகை வந்தது, மேசைமேல் வைக்கும் சின்ன வகை வந்தது. ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ இன்று புவிசார் குறியீடு பெற்ற பொருள். கிரைண்டர் வந்த புதிதில், இட்லிக்கு மாவரைக்கும் வேலை முழுக்கப் பெண்கள் தோளிலேயே இருந்தது. அவர்கள் தினமும் செலவழித்த மணிநேரங்களை எண்ணிப் பார்த்தால், இதைவிடப் பெரிய புத்தாக்கம் தமிழகச் சமையலறைக்குள் நுழைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

கலையிலும் இதே கதை உண்டு. வயலின் ஐரோப்பாவில் பிறந்த கருவி. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் (1786–1859) சென்னையில் ஓர் ஐரோப்பிய இசைஞரிடம் அதைக் கற்று, கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். கருவியின் மரத்திலோ வில்லிலோ பெரிய மாற்றம் இல்லை. மாறியது பிடிக்கும் விதமும் சுருதி சேர்க்கும் விதமும். நான்கு தந்திகளும் ச-ப-ச-ப என்று சேர்க்கப்பட்டன. வாசிப்பவர் சம்மணமிட்டு உட்கார்ந்து, கருவியின் சுருள்முனையை வலது பாதத்தில் ஊன்றி, அடிப்பக்கத்தை மார்பில் சாய்த்துக்கொள்கிறார். பாதமும் மார்பும் கருவியைத் தாங்குவதால் இடது கை விடுபடுகிறது. தந்தியின் மேல் வழுக்கிக்கொண்டே போய் கமகம், அதாவது சுரத்தின் அசைவும் வளைவும், பிடிக்க முடிகிறது. வயலினைக் கண்டுபிடித்தவர் வேறு யாரோ. ஆனால் இங்கே நடந்தது புத்தாக்கம்.

சரி, தமிழ்ச்சொல்லுக்கு வருவோம். ‘புதுமை’யும் ‘ஆக்கம்’ என்பதும் சேர்ந்ததே புத்தாக்கம். புதுமையில் ‘மை’ கெட்டு, ‘து’வில் உள்ள தகர ஒற்று இரட்டித்து, கடைசி உகரம் நீங்கி, ஆகாரம் வந்து ஏறுகிறது. புத்தாண்டு, புத்தாடை, புத்துயிர் எல்லாம் இதே வழியில் வந்தவை. அதனால் காதுக்கு ஒட்டுப்போட்டது போல இல்லை.

சொல்லின் பாரத்தைச் சுமப்பது ‘ஆக்கம்’தான். ஆக்குதல் என்றால் செய்தல். சோறு ஆக்குவதும் ஆக்குதல்தான். ஆனால் ‘ஆக்கம் அதர்வினாய்ச் செல்லும் அசைவிலா ஊக்க முடையா னுழை’ என்று வள்ளுவர் சொல்லும்போது ஆக்கம் என்பது செல்வம், உயர்வு. தளராத ஊக்கம் உள்ளவனிடம் செல்வம் வழிகேட்டுக்கொண்டு போகுமாம். ஆக, செய்து முடித்தலும் அதனால் வரும் வளமும் ஒரே சொல்லில் இருக்கின்றன. ஷும்பேட்டர் சொன்னதற்கு இதைவிடப் பொருத்தமான சொல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இன்னொரு பழைய சொல்லையும் இங்கே சொல்லியாக வேண்டும். தொல்காப்பியச் செய்யுளியல் எட்டு வகை வனப்புகளை, அதாவது செய்யுளின் அழகுகளை, சொல்கிறது. அவற்றில் ஒன்று ‘விருந்து’. ‘விருந்தே தானும் புதுவது கிளந்த யாப்பின் மேற்றே’, அதாவது புதிய முறையில் யாப்பது விருந்து. வீட்டுக்கு வரும் புது ஆளும் விருந்து, செய்யுளில் வரும் புது வடிவமும் விருந்து. அந்த எட்டில் ‘தொன்மை’யும் ஒரு வனப்பாக இருப்பதைக் கவனியுங்கள். நன்னூலும், மொழியைப் பற்றிப் பேசும்போது, பழையன கழிவதும் புதியன புகுவதும் ‘வழுவல’ என்கிறது. குற்றமில்லை என்று இலக்கணமே சொல்லிவிட்டது! ‘விருந்து’ இன்று சாப்பாட்டோடு ஒட்டிப்போய்விட்டதால் அதை மீட்டு இந்தப் பொருளுக்கு வைக்க முடியாது. அதில் எனக்கு வருத்தம் உண்டு.

பக்கத்துச் சொற்களோடு குழப்பம் வராமலிருக்க நான் பின்பற்றும் வழி இது. புதிதாக எண்ணும் திறன் படைப்பாற்றல். அது மனத்தோடு நின்றுவிடலாம். முன்பே இருந்ததை அறிந்து சொல்வது கண்டறிதல். இல்லாத ஒன்றை உருவாக்குவது புதுப்புனைவு. ‘கண்டுபிடிப்பு’ என்பதை இந்த இரண்டுக்குமே நாம் வழங்குவதால் பள்ளிப்பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். அமெரிக்காவையும் கண்டுபிடித்தார்கள், மின்விளக்கையும் கண்டுபிடித்தார்கள் என்றால் என்ன செய்வார்கள்? புதியது நடைமுறையில் இறங்கிப் பயன் தந்த பிறகுதான் அது புத்தாக்கம். ‘புதுமை’ ஒரு பண்பு. புதிய உறை போட்டு வந்த சோப்பில் புதுமை இருக்கலாம், அதைப் புத்தாக்கம் என்று எழுதுவதை ஏற்க முடியவில்லை.

ஓர் இடத்தில் மட்டும் உண்மையான சிக்கல் இருக்கிறது. ஆசிரியர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும் ஏற்கெனவே கற்றதை நினைவூட்டி மெருகேற்றும் பயிற்சியையும் அரசு அலுவலகங்கள் ‘புத்தாக்கப் பயிற்சி’ என்றே அழைக்கின்றன. லத்தீன் சொல்லின் ‘புதுப்பித்தல்’ என்ற பழைய பொருளுக்கு அது சரிதான். ஆனால் புத்தாக்கம் கற்றுத்தரும் வகுப்புக்கும் பழைய பாடத்தைத் திருப்பிப் பார்க்கும் வகுப்புக்கும் சுற்றறிக்கையில் ஒரே பெயர் இருந்தால் படிப்பவர் என்ன செய்வார்? பின்னதற்குப் ‘புத்தொளிப் பயிற்சி’ என்ற பெயரும் வழக்கில் இருக்கிறது. அதையே அதற்கு வைத்துக்கொள்ளலாம். ஆளைக் குறிக்கப் ‘புத்தாக்குநர்’, அடைமொழியாகப் ‘புத்தாக்கச் சிந்தனை’, ‘புத்தாக்க மையம்’ என எழுதலாம். வல்லின ஒற்று மிகும் இடத்தில் அதை விட்டுவிட வேண்டாம்.