பால் பத்தலையா, பத்தாம ஆக்கிட்டோமா?

தண்டையார்பேட்டைல இருந்து ஒரு தங்கச்சி கேட்ருந்தாங்க, "அக்கா, கொழந்தைக்கு 3 மாசம் ஆவுது, மாரு முன்ன மாதிரி கனமா இல்ல, சாயங்காலமானா விடாம அழுவுது, எங்க அத்தை பால் பத்தல, பவுடர் வாங்குன்றாங்க, வாங்கட்டுமா?"

6 மாசம் தாய்ப்பால் மட்டும், தண்ணி கூட வேணாம், இது எல்லாருக்கும் தெரியும். ஆனா 2019-21 தேசிய குடும்பநல சர்வே படி நாடு முழுக்க 6 மாசத்துக்கு உட்பட்ட கொழந்தைங்கள்ல 100க்கு 64 பேருக்குத்தான் அப்படி கெடைக்குது. பாதில வேற பால் குடுக்க ஆரம்பிச்சவங்கள கேட்டா நெறய பேரு சொல்றது இதேதான், பால் பத்தல.

கொழந்தை சப்புனா மூளைக்கு சேதி போவும், புரோலாக்டின்ற ஹார்மோன் பாலை சுரக்க வைக்கும், ஆக்ஸிடோசின்ற ஹார்மோன் அதை வெளிய தள்ளும், இதெல்லாம் ஸ்கூல்ல படிச்சதுதான். எனக்கு ரொம்ப புடிச்ச சமாச்சாரம் இதுக்கப்புறம் வருது. மொத சில வாரம் போனதும் எவ்ளோ சுரக்கணும்னு முடிவு பண்ற வேலைய பெரும்பாலும் மாரே எடுத்துக்குது, அதுவும் ரெண்டு பக்கமும் தனித்தனியா! ரெண்டுக்கும் ஒரே ரத்தம், ஒரே ஹார்மோன்தான் போவுது, ஆனா ஒரு பக்கமே குடுத்துட்டு இருந்தா அந்த பக்கம் ஜோரா சுரக்கும், இன்னொரு பக்கம் வத்திடும். ஸ்காட்லாந்துல ஆடுங்கள வச்சு பாத்தப்பவும் எந்த பக்கத்து மடிய கூடுதலா கறந்தாங்களோ அந்த பக்கம் மட்டும்தான் பால் ஏறுச்சு. காரணம், உள்ள தேங்கி நிக்கிற பாலே சுரக்குற செல்லுங்கள மெதுவாக்குது, காலி ஆவ ஆவ திரும்ப வேகமெடுக்குது. மொட்டமாடி டேங்க் ரொம்பினா மோட்டார் தானா நிக்குமே, அதேதான்.

இப்ப அத்தை சொல்ற பவுடருக்கு வருவோம். சாயங்காலம் ஒரு பாட்டில் குடுத்தா கொழந்தை வயிறு ரொம்பி தூங்கிடும், ஒரு வேளை பால் மார்லயே தங்கும், சுரப்பு கொறையும், நாலு நாள் இப்படியே போனா நெஜமாவே பால் கம்மி ஆயிடும், "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல"ன்னு அடுத்த பாட்டில் வரும். இல்லாத கொறைய நம்மளே உண்டாக்கிட்டோம்.

மாரு கனம் கொறஞ்சு மெத்துனு ஆவுறது கொழந்தைக்கு வேணுன்ற அளவுக்கு சுரப்பு செட் ஆயிடுச்சுன்னு அர்த்தம், வத்திப்போச்சுன்னு இல்ல. சாயங்காலம் திரும்ப திரும்ப குடிக்க கேக்குறதும் சகஜம். வேற எதுவும் குடுக்காமலே ஒரு நாளைக்கு 6 தடவைக்கு மேல ஒண்ணுக்கு போவுதா, எடை ஏறுதா, அதை பாருங்க. தைராய்டு மாதிரி பிரச்சனையால நெஜமாவே கம்மியா சுரக்குறவங்களும் இருக்காங்க, எடை ஏறலன்னா டாக்டர்கிட்ட காட்டி அவங்க சொன்னா பவுடர் குடுக்கலாம், அதுல ஒரு தப்பும் இல்ல.

கத்திரி வெயிலுக்கு தண்ணி குடுக்கணும்னு ஒரு பாட்டியாவது சொல்லுவாங்க. பால்ல சுமார் 87 சதவீதம் தண்ணிதான், தனியா குடுக்குற தண்ணி அந்த சின்ன வயித்துல பாலுக்கான எடத்ததான் புடிக்கும். பால் ஊறும்னு சொல்ற காசிமேட்டு பால் சுறால புட்டு பண்ணி சாப்டுங்க, புரோட்டீன், ருசி, ஆனா கொழந்தை குடிக்கலன்னா சுறா மட்டும் என்ன பண்ணும்? கழுதைப்பால் சங்கதிய எடுத்துட்டு மட்டும் யாரும் என்கிட்ட வராதீங்க.

ஆனா காத்தால ஏலத்துக்கு கூடைய தூக்கிட்டு ஓடுற மீன்கார அக்காகிட்ட போய் மாரை காலி பண்ணிக்கிட்டே இருன்னு சொல்ல எனக்கு வாய் வராது. 26 வார சம்பள லீவு 2017ல இருந்து சட்டத்துல இருக்கு, அது கம்பெனி வேலைக்கு, இவங்களுக்கு யாரு லீவு குடுப்பா? முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி திட்டத்துல வர்ற 18,000ல 4,000 ஊட்டச்சத்து பெட்டகமா வருது, மீதி 14,000 காசை 6 மாசத்துக்கு பிரிச்சா மாசம் சுமார் 2,300, வடசென்னைல வீட்டு வாடகைக்கே காணாது. தாய்ப்பால் வாரத்துக்கு பேனர் அடிக்கிற காசையும் சேத்து அந்த தொகைய ஏத்தலாம்ன்றது என் கருத்து.