வாடைக் காற்றில் மோட்டார் சைக்கிள் ஏன் சரிகிறது?

மாரி தொடங்கிவிட்டால் மட்டக்களப்பில் பாடசாலை வாசலிலும் வைத்தியசாலை மதிலோரத்திலும் மோட்டார் சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து கிடப்பதைக் காணலாம். 120 கிலோ வண்டியைக் காற்றுத் தள்ளுமா என்று பலர் நினைக்கிறார்கள். தள்ளும். வண்டி எவ்வளவு கனம் என்பதைவிட, அந்தக் கனம் எந்த இடத்தில் இறங்குகிறது என்பதே முக்கியம்.

சைட் ஸ்டாண்டில் நிற்கும் வண்டி இரண்டு டயர்களாலும் ஸ்டாண்டின் பாதத்தாலும் தரையைத் தொடுகிறது. இந்த மூன்று புள்ளிகளும் ஒரு முக்கோணம். வண்டியின் ஈர்ப்பு மையம், அதாவது முழுக் கனமும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி, முக்கோணத்துக்கு மேலே இருக்கும்வரை விழாது. ஈர்ப்பு மையம் அரை மீற்றர் உயரத்தில் இருக்க, வண்டி இடப்புறம் 10 பாகை சாய்ந்து நிற்பதாகக் கொள்வோம். டயர்களை இணைக்கும் கோட்டிலிருந்து அந்த மையம் விலகியிருப்பது சுமார் 9 சென்ரிமீற்றர்தான். இடப்புறமிருந்து வீசும் காற்று அந்த 9 சென்ரிமீற்றரை வென்றால் வண்டி வலப்புறம் கவிழும். அதற்கு 22 கிலோ அளவிலான தள்ளல் போதும்.

காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகக் காற்று வண்டியின் பக்கவாட்டில் ஏறக்குறைய 6 கிலோ அளவுக்குத் தள்ளும். வேகம் 80 ஆனால் அது 12 அல்ல, 24. மழைக்கென்று தறப்பாளைத் தளர்வாகப் போர்த்திவிட்டாலோ அது தோணியின் பாய்போலக் காற்றை வாங்கும்; 65 கிலோமீற்றர் வேகமே வண்டியைக் கவிழ்க்கப் போதும். போர்த்துவதானால் இறுக்கிக் கட்டுங்கள், இல்லையென்றால் நனைய விடுங்கள். நனைந்த வண்டி காய்ந்துவிடும். பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் காலில் விழுந்தால் என்ன ஆவது?

வாடை வடகிழக்கிலிருந்து, அதாவது கடல் பக்கமிருந்து, வருகிறது. ஆகவே கல்லடியிலோ காத்தான்குடியிலோ வண்டியின் முகத்தைக் கடல் பக்கம் திருப்பி நிறுத்தினால் காற்றுப் படும் பரப்பு வெகுவாகக் குறையும். இன்னொரு நன்மையும் உண்டு. சைட் ஸ்டாண்ட் முன்னோக்கி விரிந்து, பின்னோக்கி மடங்குவது. வண்டி முன்னே உருண்டால் ஸ்டாண்ட் மடங்கிவிடும். காற்றுப் பின்னே தள்ளினால் மடங்காது. முதலாவது கியரில் போட்டு வைத்தால் உருளவும் செய்யாது.

காற்றைவிட நான் அஞ்சுவது நிலத்துக்குத்தான். ஸ்டாண்டின் சிறிய பாதம் சுமார் 40 கிலோவைத் தாங்குகிறது. ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 4 கிலோ என்றால், டயர் கொடுக்கும் அழுத்தத்தைப்போல் இருமடங்கு. வாவிக்கு மேற்கே, படுவான்கரையின் வயல் மண் மழையில் ஊறியதும் இதைத் தாங்காது. பாதம் ஒரு விரற்கடை புதையும். வண்டி இன்னும் சாயும். சாயச் சாய ஈர்ப்பு மையம் ஸ்டாண்டின் பக்கம் நகரும், பாதத்தின் மேல் பாரம் கூடும், மேலும் புதையும். காற்றே இல்லாத இரவில்கூட வண்டி விழுவது இப்படித்தான். கையகலப் பலகைத் துண்டு ஒன்றைப் பாதத்தின் கீழ் வைத்தால் அதே 40 கிலோ பத்து மடங்கு பரப்பில் பரவிவிடும். கடல் பக்கத்து எழுவான்கரையின் மணலுக்கும் இதே மருந்துதான். கொங்கிறீட் தரை கிடைத்தால் டபுள் ஸ்டாண்ட் நல்லது: வண்டி நேராக நிற்பதால் இரண்டு பக்கமும் ஒரே அளவு பிடிமானம்.

சூறாவளி வேறு. 1978 நவம்பர் 23 அன்று மட்டக்களப்பைத் தாக்கியது போன்ற ஒன்று வந்தால், முகத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் பயனில்லை. மையம் ஊரைக் கடக்கும்போது காற்று ஓய்ந்து, பிறகு எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். எச்சரிக்கை வந்தவுடன் வண்டியை வீட்டுக்குள் ஏற்றிவிட வேண்டும். இடமில்லையென்றால் தென்னைக்கும் மதிலுக்கும் எட்டத்தில் நிறுத்தி, உறுதியான இரண்டு தூண்களுக்கு நடுவே இரு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டுங்கள். நடுவில் வரும் அந்த அமைதியை நம்பி அவிழ்க்கப் போகாதீர்கள்.