நியூமோகாக்கல் தடுப்பூசி: சொல் விளக்கம்

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நியூமோனியே என்னும் பாக்டீரியாவால் வரும் தொற்றுகளைத் தடுக்கும் ஊசிக்கு மருத்துவத்தில் வழங்கும் பெயர் நியூமோகாக்கல் தடுப்பூசி. மக்கள் வழக்கில் அது 'நிமோனியா ஊசி' ஆகிவிட்டது. சொல்வதற்கு எளிய பெயர்தான்; ஆனால் அது இரண்டு பிழையான எண்ணங்களுக்கு இடம் தருகிறது. இன்ஃபுளுயன்சா, கோவிட் முதலிய வைரசுகளும் காசநோய்க் கிருமியும் வேறு பல பாக்டீரியாக்களும் நிமோனியாவை உண்டாக்க வல்லவை; அவற்றை இந்த ஊசி தடுப்பதில்லை. மறுபுறம், இந்த ஒரு பாக்டீரியாவே நுரையீரலைத் தவிர மூளையுறை, குருதி, நடுச்செவி ஆகியவற்றையும் தாக்குகிறது. அங்கெல்லாம் ஊசி அளிக்கும் காப்பு 'நிமோனியா ஊசி' என்ற பெயரில் தெரிவதே இல்லை. ஊசி போட்ட குழந்தைக்கு வைரசால் நிமோனியா வந்துவிட்டால், 'போட்டும் பயனில்லை' என்று பெற்றோர் மனம் வெறுத்து அடுத்த தவணையைக் கைவிட நேரலாம். ஆகவே இந்தப் பெயரின் பொருளைச் சரியாக அறிவது குழந்தையின் நலத்தோடு தொடர்புடையது.

கிரேக்க மொழியில் 'நியூமோன்' என்றால் நுரையீரல். 'கோக்கோஸ்' என்றால் தானிய மணி அல்லது விதை. உருண்டை வடிவ பாக்டீரியாக்கள் நுண்ணோக்கியில் மணிமணியாகத் தெரிந்ததால் அவற்றுக்குக் 'காக்கஸ்' என்ற பெயர் அமைந்தது. நுரையீரலின் பெயரைத் தாங்கும் இந்த உயிரி முதலில் கண்டறியப்பட்டது நுரையீரலில் அன்று, உமிழ்நீரில். 1881இல் பிரான்சில் லூயி பாஸ்டரும் அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டெர்ன்பெர்க்கும், ஒருவர் பணியை மற்றவர் அறியாமல், மனித உமிழ்நீரை முயல்களுக்குச் செலுத்திய ஆய்வுகளில் இதைப் பிரித்தெடுத்தனர். நிமோனியாவோடு இதற்குள்ள தொடர்பு தெளிவான பிறகு, 1886இல் ஆல்பர்ட் ஃபிரெங்கல் 'நியூமோகாக்கஸ்' என்ற பெயரை வழங்கினார். இணை இணையாகக் காணப்படுவதால் 1920இல் 'டிப்லோகாக்கஸ் நியூமோனியே' என்றும், நீர்ம ஊடகத்தில் சங்கிலி போல வளர்வதால் 1974இல் 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நியூமோனியே' என்றும் முறையான பெயர் மாறியது. நியூமோகாக்கஸ் என்ற பழைய பெயர் மட்டும் மருத்துவர் நாவில் நிலைத்துவிட்டது. இந்தக் கிருமி நலமாக உள்ள குழந்தைகள் பலரின் மூக்குக்கும் தொண்டைக்கும் பின்புறத்தில் எத்தொல்லையும் தராமல் குடியிருக்கிறது என்பதை நினைத்தால், உமிழ்நீரில் அது முதலில் அகப்பட்டது வியப்பன்று.

தமிழில் இதை எப்படிச் சொல்லலாம்? நெல்மணி, மணிமாலை என இரு பொருளிலும் வழங்கும் 'மணி' என்ற சொல் கிரேக்க வேருக்கு மிக நெருக்கமானது. ஆயினும் நம் பாடநூல்கள் இவ்வகை உயிரிகளைக் கோள வடிவ பாக்டீரியா என்றே பல காலமாகச் சொல்லி வருவதால், பழகிய சொல்லை விட்டுப் புதியதைத் தேட வேண்டியதில்லை. 'நுரையீரல் கோளக்கிருமி' என்பது பொருந்தும். ஊசியை 'நுரையீரல் கோளக்கிருமித் தடுப்பூசி' எனலாம். இதிலும் நுரையீரல் வருகிறதே என்று கேட்கலாம். கிருமி என்ற சொல் உடன் நிற்பதால், தடுக்கப்படுவது ஒரு குறிப்பிட்ட உயிரி என்பது விளங்கிவிடுகிறது; நோயின் பெயரை ஊசிக்குச் சூட்டுவதால் வரும் குழப்பம் இதில் இல்லை. நிமோனியா என்ற நோய்க்கு 'நுரையீரல் அழற்சி' என்ற நல்ல சொல் ஏற்கெனவே உண்டு. அழல் என்றால் தீ. மேலை மருத்துவம் அழற்சிக்கு வைத்த பெயரும் தீப்பற்றுதலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே பிறந்தது. தமிழ்ச்சொல்லைப் பயன்படுத்த விரும்பாதவர், 'நிமோகாக்கல்', 'நியுமோகோக்கல்' என்று பலவாறு எழுதாமல் 'நியூமோகாக்கல்' என்ற ஒரே வடிவத்தைப் பின்பற்றினால் இணையத்தில் தேடும் பெற்றோருக்கு உதவியாக இருக்கும்.

'தடுப்பூசி' என்ற பகுதிக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. இதற்கு நிகரான மேலைச்சொல் பசுவைக் குறிக்கும் 'வக்கா' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து, எட்வர்ட் ஜென்னர் 1798இல் வெளியிட்ட மாட்டம்மை ஆய்வின் வழியாக வந்தது. ஜென்னரைப் போற்றும் வகையில் அதை எல்லா நோய்த்தடுப்புக்கும் விரிக்கலாம் என்று பாஸ்டர் 1881இல் முன்மொழிந்தார். தமிழில் முன்பு 'அம்மை குத்துதல்' என்று வழங்கியது பின்னர் 'தடுப்பூசி' ஆனது. செய்யும் வேலையையே பெயராகக் கொண்ட சொல் அது.

விளக்கம் மிகுதியாகத் தேவைப்படுவது, தடுப்பூசி அட்டைகளில் 'பி.சி.வி.' (நியூமோகாக்கல் கான்ஜுகேட் வாக்சின்) என்று குறிக்கப்படும் பெயரின் நடுவில் வரும் 'கான்ஜுகேட்' என்ற சொல்லுக்குத்தான். இலத்தீனில் 'யுகும்' என்பது நுகத்தடி. ஒரே நுகத்தில் பூட்டுவது என்பதே கான்ஜுகேட் என்பதன் வேர்ப்பொருள். இந்த பாக்டீரியாவைச் சுற்றிக் கூட்டுச்சர்க்கரையாலான உறை ஒன்று உள்ளது. நம் உடலின் காப்பணுக்கள் விழுங்க முடியாதபடி கிருமியைக் காப்பது அந்த உறையே. அதன் வேதியமைப்பில் உள்ள வேறுபாட்டை வைத்து இக்கிருமியில் ஏறத்தாழ 100 வகைகள் இனங்காணப்பட்டுள்ளன. உறைச்சர்க்கரையை மட்டும் பிரித்தெடுத்து ஊசியாகச் செலுத்தினால் பெரியவர் உடல் எதிர்ப்பொருளை உண்டாக்கும். ஆனால் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் உடல், இந்நோயால் மிகுதியும் பாதிக்கப்படுவது அந்த வயதிலேயே என்றாலும், வெறும் சர்க்கரைக்குப் போதிய அளவு எதிர்வினை காட்டுவதில்லை, அக்கிருமியைப் பற்றிய நோயெதிர்ப்பு நினைவையும் வளர்த்துக்கொள்வதில்லை. அதே சர்க்கரையை ஒரு புரதத்தோடு வேதிப்பிணைப்பால் இணைத்துக் கொடுக்கும்போது குழந்தையின் உடல் அதை நன்கு அறிந்துகொள்கிறது. பெரும்பாலான ஊசிகளில் பயன்படும் புரதம், தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) கிருமியின் நஞ்சுத்தன்மை நீக்கப்பட்ட புரதம் ஆகும். எனவே கான்ஜுகேட் தடுப்பூசியைப் 'பிணைப்புத் தடுப்பூசி' என்றும், வெறும் உறைச்சர்க்கரையால் ஆனதைக் 'கூட்டுச்சர்க்கரைத் தடுப்பூசி' என்றும் சொல்வது இரண்டின் வேறுபாட்டையும் சொல்லிலேயே காட்டிவிடும்.

பெயரோடு ஒட்டிவரும் எண், எத்தனை வகைக் கிருமிகளின் உறைச்சர்க்கரை ஊசியில் உள்ளது என்பதைச் சொல்கிறது. இதைக் குறிக்கும் 'வேலன்ட்' என்ற சொல்லை வேதியியல் வழக்கைப் பின்பற்றி 'இணைதிறன்' என்று பெயர்ப்பது பிழை. இங்கே அணுக்களின் இணைப்பு பேசப்படவில்லை. '10 வகைத் தடுப்பூசி', '13 வகைத் தடுப்பூசி' என்பதே போதும். 23 வகைக் கூட்டுச்சர்க்கரை ஊசி 1983இல் வந்தது; 7 வகைப் பிணைப்பு ஊசி 2000இலும் 13 வகை 2010இலும் 15, 20 வகைகள் 2021இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. எண் பெரிதாக இருப்பதனாலேயே 23 வகை ஊசியைக் கைக்குழந்தைக்குக் கேட்பது தவறு. அது பிணைப்பு ஊசி அன்று. 2 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே உரியது.

இந்தியாவின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் பிணைப்பு ஊசி 2017இல் சில மாநிலங்களில் தொடங்கி, 2021இல் தமிழ்நாடு உட்பட நாடு முழுவதற்கும் விரிந்தது. பிறந்த 6 வாரத்தில் ஒன்று, 14 வாரத்தில் ஒன்று, 9 மாதத்தில் ஊக்கத் தவணை ஒன்று என மூன்று முறை இலவசமாகப் போடப்படுகிறது. நம் வீடுகளில் ஒன்றரை மாத ஊசி, மூன்றரை மாத ஊசி என்று சொல்லப்படும் நாள்களில் மற்ற தடுப்பூசிகளோடு சேர்த்து இதையும் போடலாம். ஒவ்வொன்றையும் தனித்தனி இடத்தில் தனித்தனி ஊசிக்குழலால் செலுத்த வேண்டும், ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. குழந்தைக்குத் தொடையின் முன்பக்க வெளிப்புறத் தசையில் 0.5 மில்லி செலுத்தப்படுகிறது. மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் காக்க வேண்டும். உறைந்துபோன மருந்து மீண்டும் உருகித் தெளிவாகத் தோன்றினாலும் அதைப் பயன்படுத்தக் கூடாது.

இது உயிருள்ள கிருமியைக் கொண்டதன்று. ஆகவே ஊசியால் அந்நோய் வராது, எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் போடலாம். ஊசி போட்ட இடத்தில் வலியும் சிவப்பும் வீக்கமும், இலேசான காய்ச்சல், சிணுங்கல், பசிக்குறைவு ஆகியவை தோன்றி ஓரிரு நாளில் அடங்குவது இயல்பு. கடும் ஒவ்வாமை மிக அரிது. அது நேர்ந்தால் உடனே மருத்துவம் செய்ய வேண்டும் என்பதற்காகவே ஊசிக்குப் பின் அரை மணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்கிறார்கள். அந்த அரை மணி நேரத்தை எந்த அவசரத்துக்காகவும் விட்டுக்கொடுக்க வேண்டாம். முந்தைய தவணையிலோ, தொண்டை அடைப்பான் தடுப்பு மருந்து கலந்த வேறு ஊசியிலோ கடும் ஒவ்வாமை கண்ட குழந்தைக்கு இதைப் போடக் கூடாது. குருதி உறையாமைக் குறை இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சாதாரணச் சளிக்காகத் தவணையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. கடுமையான நோயில் இருக்கும் குழந்தைக்கு மட்டும் தேறும் வரை காத்திருக்கலாம்.

பெரியவர்களில் முதியோர், மண்ணீரல் நீக்கப்பட்டவர், நீரிழிவு, நாள்பட்ட இதய, நுரையீரல், சிறுநீரக நோய் உள்ளவர் ஆகியோருக்கு மருத்துவர் இதைப் பரிந்துரைப்பதுண்டு. 'நிமோனியா ஊசி போட்டிருக்கிறேன்' என்று மட்டும் அவர்கள் சொன்னால், அடுத்து எதைப் போடுவது, எப்போது போடுவது என்று மருத்துவரால் முடிவு செய்ய இயலாது. கூட்டுச்சர்க்கரை ஊசியை மட்டும் போட்டவருக்குப் பிணைப்பு ஊசி போட வழக்கமாக ஓராண்டு இடைவெளி வேண்டும். 20 வகைப் பிணைப்பு ஊசி போட்டவருக்குப் பொதுவாகக் கூட்டுச்சர்க்கரை ஊசி தேவைப்படுவதில்லை. ஆகவே போட்டது பிணைப்பு ஊசியா, கூட்டுச்சர்க்கரை ஊசியா, எத்தனை வகை, எந்த நாளில் என்ற நான்கையும் ஊசி போட்ட இடத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.