பத்து மணிக்குக் கேட்ட கேள்வி பத்தரைக்கு ஏன் ஒலிக்கிறது?

தொலைதூரக் கல்வியில் படிக்கும் ஒருவர் இரவு 10 மணிக்கு வகுப்பு விவாதத்தில் ஒரு சந்தேகம் கேட்கிறார். ஆசிரியரின் போன் கையிலேயே இருக்கிறது, நெட்டும் நன்றாக வருகிறது, ஆனாலும் பத்தரை மணி வரை அது மூச்சு விடுவதில்லை. கோளாறு எதுவும் இல்லை, வேண்டுமென்றே வைத்த தாமதம்தான். 2002-இல் முதல் பதிப்பு வெளியான மூடில் என்ற இலவச மென்பொருளைத்தான் ஆன்லைன் வகுப்புகளையும் விவாதங்களையும் நடத்த உலகமெங்கும் பல பல்கலைக்கழகங்கள் பயன்படுத்துகின்றன. எழுதியதைத் திருத்திக்கொள்ள அது வழக்கமாக 30 நிமிடம் தருகிறது. அந்த நேரம் முடிந்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தகவல் போகும். அவசரத்தில் தப்பாகத் தட்டிவிட்டு உடனே மாற்றுகிறவர்களுக்கு இது பெரிய உதவி. "நாளை வகுப்பு இல்லை" என்று சொல்ல வேண்டிய ஆசிரியர் என்ன செய்வார்? அவருக்கென்று காத்திராமல் உடனே அனுப்பும் ஒரு டிக் பெட்டி இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

சரி, பத்தரைக்குத் தகவல் எப்படி வந்து சேர்கிறது? ஒவ்வொரு ஆப்பும் தனித்தனியாக "புதுசா ஏதாவது உண்டா?" என்று சர்வரைக் கேட்டுக்கொண்டே இருந்தால் பேட்டரி சாயங்காலத்துக்குள் காலி. அதனால் ஆண்ட்ராய்டு போன் கூகுளுடனும், ஐபோன் ஆப்பிளுடனும் ஒரே ஒரு இணைப்பைத் திறந்து வைத்திருக்கும். அடுக்குமாடி வாசலில் ஒரே காவலாளி எல்லா வீட்டுக் கூரியரையும் வாங்கி வைப்பதுபோல, எல்லா ஆப்களின் தகவலும் அந்த வழியாகவே வரும். ஒரு தகவல் சுமார் 4 கிலோபைட்டைத் தாண்டக்கூடாது என்பதால் வருவது பெரும்பாலும் தலைப்பும் ஓரிரு வரியும்தான், முழுப் பதிவை ஆப் திறக்கும்போது சர்வரிலிருந்து எடுத்துக்கொள்ளும். அப்புறம் இன்னொன்று: 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், மேசைமேல் அசையாமல் கிடக்கும் போன் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போய்விடும், அவசரமில்லாத தகவல்கள் அது கண்விழிக்கும்வரை காத்திருக்கும்.

இருநூறு பேர் படிக்கும் வகுப்பில் ஒவ்வொரு பதிவுக்கும் போன் ஒலித்தால் இரண்டே நாளில் எல்லோரும் அதை ஊமையாக்கிவிடுவார்கள், முக்கியமான அறிவிப்பும் சேர்ந்து அடங்கிப்போகும். அதற்காகத்தான் நாள் முழுவதும் வந்த பதிவுகளைத் தொகுத்து ஒரே மின்னஞ்சலாகப் பெறும் வசதி. என்னைக் கேட்டால், ஆசிரியரின் அறிவிப்புப் பலகையை மட்டும் எல்லோருக்கும் கட்டாயமாக்கி, மற்ற விவாதங்களை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடலாம்.

போனில் படிப்பவருக்கு உண்மையான சிக்கல் சிக்னல் இல்லாத இடத்தில்தான். பஸ்ஸில் தட்டிய பதிலை மூடில் ஆப் போனிலேயே சேமித்து வைத்து, நெட் வந்ததும் அனுப்பும். ஆனால் சர்வர் அதன்மேல் குறிப்பது எழுதிய நேரத்தை அல்ல, வந்து சேர்ந்த நேரத்தை. அதற்குள் பேச்சு வேறு பக்கம் போயிருந்தால் "ஆமாம், சரிதான்" என்ற பதில் எதற்கென்றே புரியாது, யாருடைய எந்தக் கருத்துக்கு என்று ஒரு வரி சேர்த்து எழுதச் சொல்வது நல்லது. இறுதிக் கெடு இரவு 12 மணி என்று வைத்தால், பதினொன்றரைக்கு எழுதி முடித்தும் சிக்னல் கிடைக்காதவரின் பதிவு ஏற்கப்படாது. மறுநாள் பகல் 12 என்று வைத்தால் அவர் காலையில் சிக்னல் கிடைக்கும் இடத்துக்குப் போய் அனுப்பிவிடுவார்.